கொல்லிமலை ஆஃப் சீசன் ட்ரிப்: பாதி விலை ரூமுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

வீடியோவில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போன கணக்கை இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். பேனா, பேப்பர் எடுத்துக்கிட்டா இன்னும் நல்லது.

மலை மேலே மே மாதம் 3,500 ரூபாய் சொல்லும் ஒரு ரூம், நவம்பரில் 1,800-க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்ததும் நமக்கு என்ன தோணும்? "சூப்பர், 1,700 மிச்சம்!" ஒரு ஆடிட்டருக்குத் தோன்றும் கேள்வி வேற. அந்த 1,700 ரூபாயை ரிசார்ட்காரர் எதுக்காக விட்டுக்கொடுக்கிறார்?

சீசனில் ரோடு திறந்திருக்கும், வியூ பாயின்ட்டில் எதிர்மலை தெரியும் என்று ஓரளவு நம்பிப் போகலாம். ஆஃப் சீசனில் அந்த நிச்சயம் கிடையாது. மழை, மண்சரிவு, மூடுபனி, அருவியில் குளிக்கத் தடை, இதில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். அந்த ரிஸ்க்கை நீங்க உங்க தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். அதற்கான கூலிதான் 1,700 ரூபாய். இன்ஷூரன்ஸ் கம்பெனி பிரீமியம் வாங்குவது மாதிரியே. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. கம்பெனி வாங்கிய பிரீமியத்தில் ஒரு பங்கை கிளெய்முக்காக ஒதுக்கி வைக்கும். நாம மிச்சமான பணத்தில் உடனே நல்ல ஷூ வாங்கிடுவோம்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒதுக்கி வைக்கும் கணக்குதான்.

முதலில் ரூட். கொல்லிமலை மட்டும் போய்விட்டு வருவது வீக்எண்ட் ட்ரிப். நீண்ட மலைப் பயணம் என்றால் கொல்லிமலை, ஏற்காடு, ஏலகிரி மூன்றையும் கோர்த்து நாலு இரவு, ஐந்து பகல் போடலாம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20, ஏலகிரிக்கு 14. மொத்தம் 104. ஏறியதை இறங்கணுமே, அப்போ 208. சென்னையிலிருந்து கிளம்பித் திரும்புவது சுமார் 875 கிலோமீட்டர். மேலே சுற்றுவதையும் சேர்த்து 1,000 என்று வைப்போம். பெங்களூரு ஐடி நண்பர்களுக்கு இன்னும் குறையும்.

எல்லாரும் முதலில் கேட்பது பெட்ரோல்தான். "மலைன்னா வண்டி ரொம்பக் குடிக்குமே?" குடிக்கும். ஆனால் எவ்வளவு? சமவெளி 800 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 வீதம் 50 லிட்டர். மலை 200 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 வீதம் 20 லிட்டர். ஆக 70 லிட்டர். கணக்குக்கு லிட்டர் 100 ரூபாய் என்றால் 7,000. மலையே இல்லாமல் இதே தூரம் போயிருந்தால் 6,250. வித்தியாசம் 750 ரூபாய், நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு இருநூறு கூட இல்லை. எல்லாரும் பயப்படும் செலவு இவ்வளவுதான். டோலும் அப்படித்தான், ஃபாஸ்டேகில் பேலன்ஸ் இருந்தால் அதில் ஆச்சரியம் எதுவும் வராது. ஃபாஸ்டேக் இல்லாமல் போனால் யூபிஐயில் ஒன்றேகால் மடங்கு, கேஷில் இரண்டு மடங்கு என்ற விதி 2025 நவம்பர் 15-ல் வந்தது. அதனால் கிளம்புவதற்கு முந்தின இரவு பேலன்ஸ் பாருங்க.

உண்மையான பணம் வேறு இடத்தில் இருக்கு.

நாலு பேர், இரண்டு ரூம், நாலு இரவு. ரூமுக்கு 1,700 மிச்சம் என்றால் 2 × 4 × 1,700 = 13,600 ரூபாய். இதுதான் ஆஃப் சீசன் உங்களுக்குக் கொடுக்கும் மொத்தக் கூலி. இப்போ ஒரே ஒரு நாள் மலை மேலே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று போடுவோம். இரண்டு ரூம் இன்னொரு இரவு, 3,600. நாலு பேர் சாப்பாடு 2,000. லீவ் பேலன்ஸ் இல்லை என்றால் ஆளுக்கு ஒரு நாள் எல்ஓபி. 60,000 சம்பளத்துக்கு 30 நாளால் வகுத்தால் 2,000. நாலு பேருக்கு 8,000. கூட்டினால் 13,600.

ஒரு நாள் போதும், மொத்த டிஸ்கவுண்டும் காலி. உங்க சம்பளம், உங்க ரூம் விலை போட்டுப் பாருங்க, எண்கள் மாறும். ஆனால் "எத்தனை நாள் மாட்டினால் மிச்சம் பூஜ்யம்" என்ற கேள்விக்கு பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை என்றுதான் விடை வரும்.

மாட்டுவது எல்லாம் அபூர்வம் என்று நினைக்கிறீர்களா? 2024 ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்க. நவம்பர் 30 சனிக்கிழமை இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடலோரம் தாண்டிருச்சு, நமக்கென்ன என்று உள்மாவட்டங்களில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். டிசம்பர் 2 திங்கள் காலையில் பார்த்தால் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட வீடியோ உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஊத்தங்கரை எங்கே இருக்கு தெரியுமா? சேலத்திலிருந்து அரூர், திருப்பத்தூர் வழியாக ஏலகிரி போகும் ரோட்டில். நாம் மேலே போட்ட ரூட்டிலேயே!

புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்பதும் மலையில் எங்கே மழை கொட்டும் என்பதும் இரண்டு தனித்தனி செய்திகள். நியூஸில் முதலாவதுதான் பெரிய எழுத்தில் வரும்.

எந்த ஆஃப் சீசன்?

கொல்லிமலைக்கு ஆஃப் சீசன் என்று ஒன்று இல்லை, மூன்று இருக்கு. ஜூன், ஜூலை வார நாட்கள் ஒன்று. அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் ஒன்று. பொங்கல் லீவ் முடிந்த பிறகு பிப்ரவரி வரை மூன்றாவது.

ஜூலையில் போகிறவர்கள் ஆடி காலண்டரைப் பார்த்துவிட்டு புக் பண்ணுங்க. ஆடி 18-ஐ ஒட்டி அங்கே வல்வில் ஓரி விழா நடக்கும், அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் கூட்டம் வரும். ஆகஸ்ட் முதல் வாரம் விலை, டிராஃபிக் எல்லாமே சீசன் மாதிரிதான்.

என் ஓட்டு பிப்ரவரிக்கு. ஆகாய கங்கையில் தண்ணீர் மெலிந்திருக்கும், உண்மைதான். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி அருவிக்குப் போகணும் என்றால் படி காய்ந்திருப்பது எனக்கு முக்கியம். நவம்பரில் 300 அடி அருவி முழு வேகத்தில் கொட்டும், பார்க்க அள்ளும். அதே வேகத்தால் குளிக்கத் தடை போடுவார்கள். ஒன்றைக் கவனியுங்க. அருவி மூடியிருக்கு என்பதற்காக எந்த ரிசார்ட்டும் ரூம் பணத்தைத் திருப்பித் தராது. ரோடு திறந்திருக்கும் வரை அவர் கணக்கில் நீங்க நோ ஷோதான்.

நவம்பர்தான் வேணும், மேகம் ஜன்னலுக்குள் வரணும் என்பவர்கள் தாராளமாகப் போங்க. விலையைத் தெரிந்துகொண்டு போனால் போதும்.

ரீஃபண்டபிளா, நான் ரீஃபண்டபிளா?

ஆப்பில் இரண்டு விலை காட்டும். கேன்சல் செய்ய முடியாதது 1,800, இலவசமாகக் கேன்சல் செய்யக்கூடியது 2,200. எது லாபம்? உள்ளுணர்வை விடுங்க, ஒரு வகுத்தல் போதும். 400-ஐ 2,200-ஆல் வகுத்தால் சுமார் 18 சதவீதம். நீங்க போகாமல் இருக்க 18 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால் 2,200 ரூபாய் ரூம்தான் மலிவு. அதாவது ஐந்தில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் கீழே. பிப்ரவரியில் அவ்வளவு வாய்ப்பு இருக்காது, 1,800-ஐ எடுங்க. நவம்பர் கடைசியில்? மழை மட்டும் இல்லை, ரிலீஸ் டேட் தள்ளிப்போவது, மேனேஜர் லீவைக் கேன்சல் செய்வது எல்லாம் சேர்த்துத்தான் அந்த சதவீதம். நீங்களே சொல்லுங்க.

இதிலேயே இன்னொரு சூட்சுமம், எந்த மலைக்கு முதலில் போவது. நிறைய பேர் சென்னைக்குக் கிட்ட இருக்கும் ஏலகிரியில் ஆரம்பித்து கொல்லிமலையைக் கடைசியில் வைக்கிறார்கள். நான் தலைகீழாகப் போடச் சொல்வேன். வானிலை முன்னறிவிப்பு முதல் இரண்டு, மூன்று நாளுக்குத்தான் நம்பகமாக இருக்கும், நாள் தள்ளத் தள்ள நிச்சயம் குறையும். அதனால் 70 வளைவு உள்ள மலையை முதல் நாளே முடித்துவிடுங்க. அடுத்து ஏற்காடு, கடைசியில் ஏலகிரி. நடுவில் வானிலை மாறினால் பின்னால் இருக்கும் மலைகளை வெட்டிவிட்டு சேலத்திலிருந்து நேராக ஹைவேயில் வீட்டுக்கு வந்துவிடலாம். புக்கிங்கும் அதே மாதிரி. கொல்லிமலை ரூமை இரண்டு நாள் முன்னால் முன்னறிவிப்பு பார்த்துவிட்டு நான் ரீஃபண்டபிளில் போடுங்க. ஆஃப் சீசனில் ரூம் கிடைக்காமல் போகாது. ஏற்காடும் ஏலகிரியும் ரீஃபண்டபிள்.

வானிலைத் துறையின் வார்த்தைகளுக்கு அளவு உண்டு. ஒரு நாளில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.4-க்கு மேல் அதி கனமழை. நாமக்கல் அல்லது சேலம் மாவட்டத்துக்கு "மிக கனமழை" என்ற சொல் வந்தால் மலை ஏறுவதில்லை என்று குரூப்பில் முன்கூட்டியே முடிவு பண்ணிடுங்க. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டெடுப்பு நடத்தினால் "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" கட்சிதான் ஜெயிக்கும். சங்க் காஸ்ட் என்று சிஏ பரீட்சையில் எழுதினோமே, அது காரவள்ளியில் நேரில் கிடைக்கும்.

லீவுக்கும் விலை இருக்கு

ஆஃப் சீசன் விலை வார நாளில்தான் முழுசாகக் கிடைக்கும். வார நாள் என்றால் லீவ். அந்த லீவின் விலை உங்க கம்பெனி பாலிசியைப் பொறுத்தது. டிசம்பர் 31-ல் லேப்ஸ் ஆகிவிடும் லீவா? அப்போ விலை பூஜ்யம், தாராளமாக எடுங்க. என்கேஷ் ஆகும் லீவா? பேசிக் 30,000 என்றால், பேசிக்கை வைத்துக் கொடுக்கும் கம்பெனியில் ஒரு நாள் 1,000 ரூபாய். எல்ஓபி என்றால் மேலே பார்த்த 2,000. ஒரே செவ்வாய்க்கிழமை நாலு நண்பர்களுக்கு நாலு விலை. குரூப்பில் யாராவது "வீக்எண்டே போலாம்டா" என்று அடம்பிடித்தால் கஞ்சத்தனம் என்று கிண்டல் செய்யாதீங்க, அவர் லீவ் விலை அதிகமாக இருக்கலாம்.

ஒரு உபரி நாள் கட்டாயம். புதனில் கிளம்பி ஞாயிறு வந்து சேருவதை விட, செவ்வாயில் கிளம்பி சனிக்கிழமை வீடு வரும்படி போடுங்க. ஞாயிறு சும்மா இருந்தால் துணி துவைக்கலாம். மாட்டிக்கொண்டால் எல்ஓபி 8,000 மிச்சம்.

கார் இன்ஷூரன்ஸ்: கிளம்பும் முன் பாலிசி பிடிஎஃப்பைத் திறங்க

இதில்தான் ஆயிரங்கள் இல்லை, லட்சங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்கள் மலைக்கு அந்த வண்டியை எடுக்கவே வேண்டாம். ஊத்தங்கரை மாதிரி வண்டி வெள்ளத்தில் போனாலும், பாறை விழுந்தாலும் ஒரு ரூபாய் வராது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளம், புயல், நிலச்சரிவு, பாறைச்சரிவு எல்லாம் கவரில் உண்டு.

ஆனால் இன்ஜின்? தண்ணீரில் வண்டி நின்றுபோய், பதற்றத்தில் மறுபடி ஸ்டார்ட் பண்ணி, உள்ளே தண்ணீர் ஏறி இன்ஜின் போனால், சாதாரண காம்ப்ரிஹென்சிவில் அது வராது. இன்ஜின் புரொடெக்ட் ஆட் ஆன் வேணும். ஆட் ஆன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, தள்ளி வெளியே எடுத்து டோ வண்டியைக் கூப்பிடுங்க. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்பதையும் அதே பிடிஎஃப்பில் பார்க்கலாம்.

அடுத்து, யார் ஓட்டுவது. 208 வளைவை ஒரே ஆள் ஓட்ட மாட்டார், மாற்றி மாற்றித்தான் ஓட்டுவோம். செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் வண்டி சேதத்துக்கு கவர் உண்டு. ஆனால் பாலிசியில் இருக்கும் 15 லட்சம் ரூபாய் ஓனர் டிரைவர் விபத்து கவர் ஆர்சியில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். ஸ்டியரிங்கில் நண்பர் இருந்தால் அவருக்கு அது கிடையாது. மாற்றி ஓட்டப்போகும் ஒவ்வொருவரும் தனியாக ஒரு பெர்சனல் ஆக்சிடன்ட் பாலிசி வைத்திருப்பது நல்லது. டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கே என்பவர்களுக்கு: அது இறப்புக்குத்தான். கை, கால் போய் ஒரு வருஷம் சம்பளம் இல்லாமல் இருப்பதற்கு அல்ல.

தெரிந்தவர் ஒருத்தரிடம் வெள்ளை போர்டு காரை நாள் வாடகைக்கு எடுப்பது இன்னொரு பழக்கம். செல்ஃப் டிரைவ் கம்பெனியை விட 500, 600 குறைவாகக் கிடைக்கும். தனியார் கார் பாலிசி வாடகைக்கு விடுவதற்கு அல்ல என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். பெரிய விபத்து ஆனால் கிளெய்ம் நிராகரிக்க அதுவே காரணம். முறையான செல்ஃப் டிரைவ் வண்டிக்கு கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்கும், அதை எடுங்க. டெபாசிட், சேதத்துக்கு உங்க பொறுப்பு எவ்வளவு என்ற வரியைப் படித்துவிட்டு.

சின்ன சேதத்துக்கு நேர் எதிர் அறிவுரை. கொண்டை ஊசியில் பம்பர் உரசி 5,000 ரூபாய் பில் வந்தால் கிளெய்ம் போடாதீங்க. ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000, இப்போ 35 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் என்றால், கிளெய்ம் இல்லாமல் அடுத்த வருஷம் அது 45 ஆகும். கிளெய்ம் போட்டால் பூஜ்யம். அந்த ஒரு வருஷமே 4,500 போச்சு. கட்டாயக் கழிவு 1,000 வேற, 1,500 சிசிக்கு மேலான வண்டிக்கு 2,000. பிளாஸ்டிக் பம்பருக்கு ஜீரோ டெப் இல்லை என்றால் பாதி தேய்மானமும் பிடிப்பார்கள்.

ஓட்டுவதைப் பற்றி ஆடிட்டர் பாடம் எடுக்கக் கூடாது, ஆனால் பிரேக் பில்லும் செலவுதானே. இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்க, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறி வருபவருக்குத்தான் முன்னுரிமை, வளைவுக்கு முன் நின்று வழிவிடுங்க. இருட்டின பிறகு ஏறவேண்டாம். வளைவு பயம் இருப்பவர்கள் நாமக்கல்லில் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் செம்மேடு போகலாம். அந்த டிரைவர்கள் ஓட்டும் அழகுக்கே டிக்கெட் காசு கொடுக்கலாம்.

எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமா?

நியூ ரெஜிமில் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்க, விலக்கு கிடையாது. ஓல்டு ரெஜிமில் இருப்பவர்களுக்கு நாலு காலண்டர் வருஷத் தொகுதியில் இரண்டு பயணம். 2022–2025 தொகுதியில் பயன்படுத்தாத ஒன்றை 2026-ல் எடுக்கலாம். பயணக் கட்டணம் மட்டும்தான். ரூம், சாப்பாடு, போட்டிங் வராது. லீவ் எடுத்திருக்கணும், வெறும் சனி, ஞாயிறு செல்லாது. நண்பர்கள் குடும்பம் ஆகமாட்டார்கள், உங்க பங்கு மட்டும்தான். மூன்று மலை சுற்றினாலும் மிகத் தொலைவில் உள்ள இடத்துக்கு குறுகிய வழியில் போகும் கட்டணம்தான் கணக்கு, காரில் போனால் முதல் வகுப்பு ஏசி ரயில் கட்டணம் உச்சவரம்பு. சொந்த கார் பெட்ரோல் பில்லை ஏற்பதில் கம்பெனிக்குக் கம்பெனி நடைமுறை வேற. போவதற்கு முன் ஹெச்ஆருக்கு மெயில் போட்டு பதிலை வைத்துக்கொள்ளுங்க.

13,600-ஐ என்ன செய்வது?

கிளம்பும் முன்பே நாலு பேரும் ஆளுக்கு 3,400 ஒருத்தர் அக்கவுண்டில் போட்டு, தொடாமல் வையுங்க. இது எமர்ஜென்சி ஃபண்ட் கிடையாது, அதையும் இதையும் கலக்காதீங்க. கிரெடிட் கார்டு லிமிட்டை "மாட்டினா பாத்துக்கலாம்" ஃபண்டாக நினைக்கவும் வேண்டாம். ஒருத்தர் கார்டில் தேய்த்து மூணு பேர் அடுத்த மாசம் தருகிறேன் என்பதில் உடைந்த நட்பு நிறைய. இதில் 3,000 மட்டும் கேஷாக எடுத்துக்கொள்ளுங்க. மழையில் சிக்னல் போனால் யூபிஐயும் போகும். டேங்க்கை அடிவாரத்துக்கு முன்னாலேயே நிரப்பிடுங்க.

திரும்பி வந்ததும் முதலில் பிரேக் செக், வாட்டர் வாஷ் பில்லை இந்தப் பணத்திலிருந்து கட்டுங்க. பெட்ரோலை நாலாகப் பிரித்துவிட்டு தேய்மானத்தை மட்டும் வண்டிக்காரர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. அது 1,600 ஆனால் மீதி 12,000, ஆளுக்கு 3,000 திரும்ப வரும். சோளக்காடு சந்தையில் மிளகு வாங்கியதை இதில் கழிக்காதீங்க, அது அவரவர் வீட்டுக் கணக்கு.